குக்கி மான்ஸ்டருக்கு பெற்றோர் வைத்த பெயர் என்ன?

வணக்கம் மக்களே, எல்லோரும் நலமா? இன்றைக்கு ஜாலியான ஒரு விஷயம். செசமி ஸ்ட்ரீட் பொம்மைகளின் வெளியே தெரியாத பெயர்கள். 1969 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற குழந்தைகள் நிகழ்ச்சி அது. எல்மோ, பெர்ட், எர்னியை எல்லாம் உங்கள் வீட்டு வாண்டுகளே சொல்லிவிடும், அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன். நம் பக்கம் எல்லோரும் குஞ்சு, குஞ்சு என்று கூப்பிடுகிற ஆளுக்கு ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்குமே, அப்படிப்பட்ட ஆட்கள் அந்தத் தெருவிலும் நிறைய உண்டு.

முதலில் குக்கி மான்ஸ்டர். நீல ரோமம், உருளுகிற கண், வாய்க்குள் போவதைவிடத் தரையில் சிந்துவது அதிகம். 2004-ல் வந்த ஒரு பாட்டில் அவரே சொல்கிறார்: முதன்முதலாக குக்கியைத் தின்பதற்கு முன்னால் தன் பெயர் சிட் என்று ஏதோ ஞாபகமாம். சிட்! ஏதோ வங்கி கிளார்க் பெயர் மாதிரி இருக்கிறது, எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனால் அதற்கு முன்னாலும் அவருக்குப் பெயர்கள் இருந்தன, கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. 1966-ல், இந்தப் பொம்மைகளை உருவாக்கிய ஜிம் ஹென்சன் ஒரு நொறுக்குத் தீனி விளம்பரத்துக்காக மூன்று பூதங்களைச் செய்தார், அதில் சக்கர வடிவத் தீனியைத் திருடுகிற பூதத்துக்கு வீல் ஸ்டீலர் என்று பெயர், கூர்மையான பற்கள் வேறு. அந்த விளம்பரம் ஒளிபரப்பாகவே இல்லை. அடுத்த வருடம் ஐபிஎம் நிறுவனத்துக்காக எடுத்த ஒரு குறும்படத்தில் அதே பூதம் வந்து, தன் பாகங்களைப் பற்றி மும்முரமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு இயந்திரத்தை, விளக்கம் முடிவதற்குள் ஒவ்வொரு பாகமாகத் தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் தானும் வெடித்துப் போகிறது. 1969-ல் மன்சோஸ் சிப்ஸ் விளம்பரத்தில் அதற்கு ஆர்னல்ட் என்று பெயர். அதே வருடம் செசமி ஸ்ட்ரீட்டுக்குக் குடிவந்தபோது பற்கள் போயிருந்தன, பசி மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் ஸ்னஃபி. பிக் பேர்ட் என்கிற பெரிய மஞ்சள் பறவையின் நண்பன், மாமூத் யானை மாதிரி பழுப்பு நிறத்தில் பெரிய உருவம், உள்ளே இரண்டு பேர் இருந்தால்தான் நடக்கவே முடியும். ஊரறிந்த முழுப்பெயர் மிஸ்டர் ஸ்னஃபலப்பகஸ், அதற்கும் முன்னால் ஒரு பெயர் இருக்கிறது, அலோய்ஷியஸ். தங்கை பெயர் ஆலிஸ். இவ்வளவு கம்பீரமான பெயரை வைத்துக்கொண்டு அந்த ஆள் 1971-லிருந்து 1985 வரை பெரியவர்கள் யார் கண்ணிலும் படவில்லை, அவர்கள் வருவதற்குள் எப்படியாவது நழுவிவிடும், பிக் பேர்ட் எவ்வளவு சொன்னாலும் கற்பனை என்று சிரிப்பார்கள். இது வெறும் நகைச்சுவையாகத்தான் இருந்தது. பிறகு, குழந்தைகள் தங்களுக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னாலும் பெரியவர்கள் நம்பமாட்டார்கள் என்ற பாடத்தை இது கற்றுக்கொடுத்துவிடுமோ என்று தயாரித்தவர்களே யோசித்தார்கள், 1985 நவம்பரில் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். இந்தத் தடவையும் நழுவிவிடாமல் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது யார் தெரியுமா? எல்மோ.

சரி, கை ஸ்மைலி. போட்டி நிகழ்ச்சி நடத்துகிறவர், தொண்டை கிழியக் கத்துவார், குரல் கொடுத்தது ஹென்சனே. அவர் உண்மையான பெயர் பெர்னி லீடர்கிரான்ஸ். லீடர்கிரான்ஸ் என்பது அமெரிக்காவில் விற்ற, வாடை தூக்கலான ஒரு சீஸ். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது எங்கே புரியப் போகிறது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அப்பா அம்மாவுக்காக வைத்தது. பெரியவர்களும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அந்த நிகழ்ச்சியின் திட்டத்திலேயே உண்டு, இந்த மாதிரிப் பெயர்கள் எல்லாம் அதற்கான தூண்டில்தான். டெல்லிக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், நம் தலைநகரம் இல்லை, டெல்லி மான்ஸ்டர்: 1979-ல் வந்தபோது முழுப்பெயர் டெலிவிஷன் மான்ஸ்டர், தலையில் ஆன்டெனா, எந்நேரமும் டிவி முன்னால். பிறகு ஆன்டெனா போனது, கவலைப்படுகிற குணம் ஒட்டிக்கொண்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மிஸ்டர் ஜான்சன். பெயர் தெரியாவிட்டாலும் ஆளைத் தெரியும், வழுக்கைத் தலை, மீசை, நீல முகம், சர்வராக வருகிற குரோவர் என்ற நீலப் பொம்மையிடம் மாட்டிக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அல்லாடுகிற வாடிக்கையாளர். எனிதிங் மப்பெட்ஸ் என்று ஒரு வகை உண்டு, கண், மூக்கு, முடி எதுவுமில்லாத மொட்டைப் பொம்மைகள், அன்றைய காட்சிக்கு வேண்டியதை ஒட்டிக்கொண்டால் போலீஸ்காரரோ பாட்டியோ தயார். அதில் இவருடைய உருவத்துக்குப் பட்டறையில் வைத்த பெயர் ஃபேட் புளூ, குண்டு நீலம். அவ்வளவுதான் மரியாதை! ஆனால் பொம்மையை ஆட்டிக் குரல் கொடுத்த ஜெர்ரி நெல்சன் அந்தக் குரலில் புலம்பப் புலம்ப, ஒட்டிவைத்த மீசை நிரந்தரமாகி, குண்டு நீலம் மிஸ்டர் போட்டுக் கூப்பிடுகிற ஆளாகிவிட்டார். பிறவியிலேயே பெயரோடு வந்த சிட்டைவிட, சாப்பாடு வராமலே பெயர் வாங்கிய இவருக்குத்தான் என் ஓட்டு.

கல்லி கல்லி சிம் சிம் பார்த்து வளர்ந்தவர்கள் இருந்தால் கமெண்டில் வாருங்கள், 2006-ல் இந்தியாவுக்கு வந்த பதிப்பு அது. சம்கி, பூம்பா, கூக்லி, ஆஞ்சூ என்று நாலு பேர். இதில் ஆஞ்சூ எதற்கு அந்தப் பெயர் வாங்கியது என்று தெரிந்தவர்கள் ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போங்கள்.