ஆறு சுற்றுக்குள் ஒரு எண்

வணக்கம் நேயர்களே. சிங்கப்பூரில் வளர்ந்த யாரிடமாவது 'ரெண்டு புள்ளி நாலு' என்று சொல்லிப் பாருங்கள், முகம் லேசாகச் சுளிக்கும். பள்ளியில் நாஃபா, அப்புறம் தேசிய சேவையில் ஐபிபிடி, இரண்டுமே உடற்தகுதித் தேர்வுகள். இரண்டிலும் 2.4 கிலோமீட்டர் ஓடாமல் தப்ப முடியாது. தேர்ச்சியா இல்லையா என்று பார்த்ததோடு அதை மறந்துவிடுகிறோம். வார இறுதியில் ஒரு சின்ன ஓட்டக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் என்ற முறையில், எனக்கு அந்த ஓட்ட நேரத்தைத் தூக்கிப்போட மனசு வருவதில்லை. அதை வைத்து உடற்தகுதியைச் சொல்லும் ஓர் எண்ணைக் கணக்கிடலாம்.

முழு மூச்சாக ஓடும்போது உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று அதைச் சொல்வார்கள். பெயர் விஓ2 மேக்ஸ். சரியாக அளக்க ஆய்வுக்கூடம், டிரெட்மில், முகமூடி எல்லாம் வேண்டும். அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் சுலபமான வழி ஒன்றை வெளியிட்டார்: 12 நிமிடம் ஓடு, போன தூரத்தைப் பார். அந்த மீட்டரில் 505ஐக் கழித்து 45ஆல் வகுத்தால் ஏறக்குறைய அந்த எண் வந்துவிடும். 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.

நம் 2.4 கிலோமீட்டர் ஏறக்குறைய ஒன்றரை மைல். அந்தத் தூரத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது: 483ஐ ஓடிய நிமிடங்களால் வகுத்து 3.5 கூட்டுங்கள். 12 நிமிடத்தில் முடித்தவருக்குக் கிட்டத்தட்ட 44. பார்த்தீர்களா, அதே ஓட்டம், இரண்டு விடை! கூப்பர் அளந்தது 115 பேரை, எல்லாரும் விமானப்படை ஆண்கள். அவர்களை வைத்துப் போட்ட கணக்கு நம் வீட்டு அக்காவுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய பிழை கணக்கில் இல்லை, முதல் சுற்றில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒரு தம்பி. விசில் ஊதியதும் பாய்ந்தார். 400 மீட்டர் தடத்தில் முதல் சுற்று ஒரு நிமிடம் 35 வினாடி. நாலாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதி நடை. மொத்தம் பதின்மூன்றரை நிமிடம், எண் 39. "அண்ணே, என் ஸ்டாமினா அவ்வளவுதானா?" என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஓடவைத்தேன். முதல் சுற்றை இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. 12 நிமிடம் 40 வினாடியில் வந்தார், எண் 41.6. இரண்டே வாரத்தில் இதயம் பெரிதாகிவிட்டதா என்ன? வேகத்தைப் பங்கு போடக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொன்று தடம். உள்பக்க முதல் தடத்தில்தான் ஒரு சுற்று 400 மீட்டர். இரண்டாவது தடத்துக்குப் போனால் சுற்றுக்கு சுமார் ஏழு மீட்டர் கூடும். ஆறு சுற்றில் நாற்பது மீட்டருக்கு மேல் ஓசியில் ஓடியிருப்பீர்கள்.

வெயிலைச் சொல்லவே வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்பைக் குளிரவைக்கத் தோலுக்கு ரத்தம் போகும், தசையின் பங்கு குறையும். காலை ஏழு மணிக்கு ஓடியவர் மதியம் ஓடினால் எண் இறங்கும், அதற்காக உடற்தகுதி போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதனால் என் நோட்டில் நேரத்தோடு மணி, தடம், மழை, முதல் நாள் தூக்கம் எல்லாம் எழுதிவைப்பேன். காலையில் பரோட்டா சாப்பிட்டாரா என்பதையும்! அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அதே ஆள், அதே தடம், அதே நேரம், ஆறு எட்டு வாரம் கழித்து என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

நெஞ்சுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பல வருடமாக ஓடாதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

அந்தத் தம்பி வரும் சனிக்கிழமை மறுபடி ஓடுகிறார். முதல் சுற்று முழுக்க நான் கோட்டோரமாக நின்று "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருப்பேன். வணக்கம்.