கதைக்குக் கீழே நீதி எழுதுகிறவர்களைப் பார்த்தாலே எரிச்சல்

வணக்கம் மக்களே! தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பன் நகரில் இன்றைக்குச் செம புழுக்கம், ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சமையல் வீடியோ அப்புறம். முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

நேற்று மாலில் பாப்பாவுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்தேன். விலை 230 ராண்ட். படம் நன்றாக இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பில்லைப் பார்த்தால், அதில் 30 ராண்ட் வாட் வரி! இந்த நாட்டில் பிரவுன் பிரெட்டுக்கு வரி கிடையாது, பாலுக்குக் கிடையாது, முட்டைக்குக் கிடையாது. குழந்தைப் புத்தகத்துக்கு மட்டும் முழுசாக 15 சதவீதம். 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில், இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததன் பொருள் புரியவில்லை என்று வந்தது. அதற்கப்புறமும் வரியா? “விடு, ஒரு காப்பி குடித்ததாக நினைத்துக்கொள்” என்கிறார் வீட்டுக்காரர். எப்படி விடுவது? பில்லைப் படம் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன்.

சரி, வீட்டுக்கு வந்து பிரித்தால் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் நீதி! பகிர்ந்து வாழ வேண்டுமாம். இது எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்கே தெரியும். வெள்ளைத் தாளை வெட்டி அதன் மேல் ஒட்டிவிட்டேன். இங்கே பாருங்கள், ஒரு ஓரமாவது தூக்கியிருக்கிறதா? கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். சுருக்கமே இல்லை.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், கதை கேட்கும் பிள்ளையின் மனசு யார் பக்கம் போகும் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. மனுநீதிச் சோழன் கதை சொன்னேன். கன்று தேர்க்காலில் அடிபட்டதும் பசு போய் மணி அடிப்பதை உருகி உருகிச் சொன்னேன். ராஜா தன் மகன் மேலேயே தேரை ஓட்டியதும் பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “அந்த அண்ணா வேணும்னா பண்ணினாங்க? அவங்க அம்மா எங்கேம்மா?” பசுவுக்காக அழுத நமக்கு ராணி ஞாபகமே வரவில்லை, பாருங்கள். அரசர் நீதிமான் என்று எழுதிக் கதையை மூடியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்குமா?

ஐயோ, ஒன்றை விட்டுவிட்டேன். பெரிய புராணத்தில் சிவபெருமான் வந்து கன்று, இளவரசன் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். அந்த முடிவை அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள், கேள்வியும் அதோடு போயிருக்கும்.

இன்னொரு விஷயம். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பகிர்வதைப் பற்றிய கதை படித்துக் காட்டினார்கள், 2017இல் வெளிவந்த ஆய்வு. மனிதர்கள் வரும் கதையைக் கேட்ட பிள்ளைகள் தங்கள் ஸ்டிக்கர்களை முன்னைவிட அதிகமாகக் கொடுத்தார்கள். அதே கதையை மனிதர் மாதிரி நடக்கும் மிருகங்களை வைத்துச் சொன்னபோது அப்படி நடக்கவில்லை. மிருகக் கதைப் பைத்தியமான எனக்கு இது பிடிக்கவே இல்லை. ஆனால் அந்த மிருகங்கள் சட்டை போட்ட வகை, அதுகள் எனக்கும் ஆகாது. நம் திருவாரூர்ப் பசு பசுவாகவே வந்து மணி அடித்தது!

எப்படிப் படிப்பது என்று போன வீடியோவில் கேட்டிருந்தீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. பாதியில் நிறுத்தி, “இப்போ அவனுக்கு எப்படி இருக்கும்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அதுதான் கஷ்டம். பக்கத்துக்குப் பக்கம் கேட்டால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். ஒரு கதைக்கு ஒரு தடவை போதும்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றில்லை, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புக் டேஷ் என்று ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் சம்பளம் வாங்காமல் ஒன்றாக உட்கார்ந்து ஒரே நாளில் புத்தகம் செய்கிறார்கள். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஜூலு மொழியிலும் உண்டு. பாப்பா வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டில் ஜூலுதான், அவளுக்கும் அனுப்பினேன். வாட் கிடையாது!

ராணி என்ன செய்தார் என்று உங்கள் வீட்டுப் பாட்டிமார் ஏதாவது சொல்லியிருந்தால் கமெண்டில் போடுங்கள். பாப்பா தினமும் கேட்டு உயிரை எடுக்கிறாள்.