பிள்ளை எந்த வீட்டில் உறங்கியது?

வணக்கம், நேயர்களே. வரி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். இந்தப் பருவத்தில் ஒரு மாலை, அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். மூத்தவள் சென்னையில் பிறந்தவள், ஒன்பது வயது, வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். இளையவன் மூன்று வயது, இங்கேயே பிறந்தவன். திரையில் வரிச்சலுகையாகத் தம்பி பெயருக்கு எதிரே 2,200 டாலரும் அக்கா பெயருக்கு எதிரே 500 டாலரும் வந்தன. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ரெண்டும் எம்புள்ளைங்கதானே அக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இன்று என்னை இங்கே பேச வைத்தது.

சட்டத்தின் கண்ணில் இரண்டு பேருமே அவருடைய டிபெண்டன்ட்தான், அதாவது அவரைச் சார்ந்திருக்கும் பிள்ளைகள். ஆனால் 2018 முதல், குழந்தைக்கான முழு வரிச்சலுகை வேண்டுமென்றால் அந்தக் குழந்தைக்கு வேலை செய்யத் தகுதியான சோஷியல் செக்யூரிட்டி எண், அதாவது அமெரிக்க அரசு தரும் அடையாள எண், இருக்க வேண்டும். ஹெச்-4 பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. அவர்களுக்குக் கிடைப்பது ஐ.டி.ஐ.என். என்ற வரி எண், அதை வைத்துப் பெறும் சலுகை 500 டாலர்தான். 2018க்கு முன்பு அந்த எண்ணை வைத்தே முழுச் சலுகையும் பெற முடிந்தது. ஒரே வீட்டில், ஒரே சம்பளத்தில் வளரும் அக்காவையும் தம்பியையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் இன்று சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, அந்த 500 டாலரையும் விட்டுவிடுகிறவர்கள்தான். "விசாவில் இருக்கிற குழந்தையைக் காட்டக் கூடாதாமே" என்று யாரோ சொன்னதை நம்பிவிடுகிறார்கள். காட்டலாம், தாராளமாகக் காட்டலாம். டபிள்யூ-7 என்ற படிவத்தை நிரப்பி, ரிட்டர்னோடு சேர்த்து, கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பள்ளி வயதுக் குழந்தைக்குப் பள்ளிப் பதிவும், ஆறு வயது நிறையாத குழந்தைக்கு மருத்துவப் பதிவும் வைக்க வேண்டும். பிள்ளையின் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? அதற்கும் வழி உண்டு. ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித்துறை அங்கீகரித்த முகவர்கள் இருக்கிறார்கள். அசலைப் பார்த்துச் சான்று கொடுத்துவிட்டு, உங்கள் கையிலேயே திருப்பித் தந்துவிடுவார்கள்.

அடுத்தது, நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. ஜனவரியில் இங்கே குழந்தை பிறக்கிறது. அம்மாவுக்கு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். மே மாதம் பாட்டி வந்து பேரனைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்த பொங்கல் முடிந்துதான் குழந்தை திரும்பி வருகிறது. குழந்தை அமெரிக்கக் குடிமகன், எண்ணும் இருக்கிறது, செலவெல்லாம் அப்பா அம்மாதான். ஆனாலும் சட்டம் முதலில் கேட்பது, பாதி ஆண்டுக்கு மேல் அந்தக் குழந்தை உங்கள் வீட்டில் உறங்கியதா என்பதைத்தான். படிப்பு, மருத்துவம், விடுமுறை என்று தற்காலிகமாக வெளியே இருந்த நாட்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டின் பெரும்பகுதியைப் பாட்டி மடியில் கழித்ததை விடுமுறை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டுக்கு 2,200 டாலர் கிடையாது. செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கொடுத்திருந்தால், வேறொரு விதியின்படி 500 டாலர் கேட்கலாம். குழந்தையைப் பிரிந்திருந்த தாயிடம் இதைச் சொல்வது எனக்கு எப்போதுமே கஷ்டம். சொல்லாமல் விட்டால், பின்னால் வரும் கடிதம் அதைவிடக் கஷ்டம்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். டிசம்பர் 31ஆம் தேதி இரவு பிறந்த குழந்தையையும் அந்த ஆண்டு முழுக்க உங்களோடு இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பிரிந்து வாழும் பெற்றோருக்கும் இரவுக் கணக்குதான். "மாசாமாசம் பணம் நான்தான் அனுப்புறேன்" என்பது இங்கே செல்லாது. குழந்தை அதிக இரவுகள் யார் வீட்டில் தங்கியதோ, உரிமை அவருக்கே. அவர் 8332 என்ற படிவத்தில் கையெழுத்திட்டு விட்டுக்கொடுத்தால் மட்டுமே மற்றவர் கேட்க முடியும். இன்றைய விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருந்தாலும் அந்தப் படிவம் வேண்டும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு வருவோம். முழுநேர மாணவராக இருந்தால் 24 வயது நிறையும் வரை உங்களைச் சார்ந்தவர்தான், விடுதியில் தங்கினாலும்கூட. தன் செலவில் பாதிக்கு மேல் தானே கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கோடைக்கால வேலையில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க, பையன் பிப்ரவரியிலேயே தானாக ஒரு ரிட்டர்ன் போட்டுவிடுகிறான். "வேறு யாராவது உங்களை டிபெண்டன்டாகக் காட்ட முடியுமா?" என்ற கட்டத்தில் டிக் பண்ண மறந்துவிடுகிறான். ஏப்ரலில் அப்பா அனுப்பும் ரிட்டர்ன் திரும்பி வந்துவிடுகிறது. வீட்டில் சண்டை! சண்டை வேண்டாம். 1040-எக்ஸ் படிவத்தில் அவன் தன் ரிட்டர்னைத் திருத்திக்கொள்ளலாம். நீங்கள் ஐ.ஆர்.எஸ். தரும் ஐ.பி. பின் என்ற ரகசிய அடையாள எண்ணை வாங்கி, உங்களுடையதை மின்வழியிலேயே மறுபடி அனுப்பலாம்.

மாநில வரியை ஏனோதானோவென்று முடித்துவிடாதீர்கள். பிள்ளைக்கான தனிக் கழிவு மத்திய வரியில் 2018 முதல் பூஜ்யம். நியூ ஜெர்சியில் அது இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வருமானத்தில் 1,500 டாலர் கழியும். 22 வயதுக்குட்பட்ட பிள்ளை முழுநேரம் கல்லூரியில் படித்து, அந்தச் செலவில் பாதிக்குக் குறையாமல் நீங்கள் கொடுத்திருந்தால், இன்னொரு 1,000 கழியும். ஆண்டு வருமானம் 80,000 டாலருக்குள் இருந்து, வீட்டில் ஆறு வயது நிறையாத குழந்தையும் இருந்தால், மாநிலமே தனியாக ஒரு சலுகை தருகிறது. அதற்கு ஐ.டி.ஐ.என். போதும். டெக்சாஸிலோ புளோரிடாவிலோ இருந்து கேட்கிறவர்களுக்கு மாநில வருமான வரியே இல்லை, இந்தக் கணக்கும் இல்லை.

எடிசன் அம்மா அடுத்த வாரம் மகளையே கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளியிலிருந்து வாங்கிய கடிதத்தை அவள்தான் என் கையில் கொடுத்தாள். கிரீன் கார்டு வந்து சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்ததும், ஐ.டி.ஐ.என்.னை ரத்து செய்யச் சொல்லி ஐ.ஆர்.எஸ்.ஸுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். முழுச் சலுகை பெற, அந்த ஆண்டின் கடைசி நாளிலும் அவளுக்கு 17 வயது ஆகியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எண் இருந்தாலும் 500 டாலர்தான். நன்றி, வணக்கம்.