மண்ணோடு பேசித்தான் தழைத்தது

நடுவர் ஐயாவுக்கும், சோமனூர், பல்லடம் பக்கமிருந்து தறியை நிறுத்திவிட்டு இந்த நேரத்துக்கும் வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க. கிறித்தவ விசுவாசம் தழைத்தது மண்ணின் அறிவோடும் பண்பாட்டோடும் கலந்து பேசியதாலா, விலகி நின்று தன்னைக் காத்துக்கொண்டதாலா என்பது தலைப்பு. கலந்து பேசியதால்தான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், ஆதித் திருச்சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏதென்சுக்கும் எருசலேமுக்கும், அதாவது கிரேக்கத் தத்துவத்துக்கும் விசுவாசத்துக்கும், என்ன சம்பந்தம் என்று தெர்த்துல்லியன் கேட்டது உண்மைதான், அண்ணன் அதைச் சொன்னபோது நல்ல கைதட்டலும் விழுந்தது. ஆனால் அதே தெர்த்துல்லியன் ஆத்துமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது கிரேக்கத்தில் பிறந்த ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளிக்காரர்களிடமிருந்து அள்ளி அள்ளி எடுத்துக்கொண்டார், அவர்களில் ஒருவரான செனகாவைப் பெரும்பாலும் நம்மவர் என்றே எழுதினார். கதவைச் சாத்தச் சொன்னவரின் வீட்டுக்குள்ளேயே ஏதென்ஸ் உட்கார்ந்திருக்கிறதே, அண்ணா!

அடுத்து பவுல். பவுல் ஏதென்சில் தத்துவம் பேசித் தோற்றுப்போனார், அதனால்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது சிலுவையில் அறையப்பட்ட இயேசுவைத் தவிர வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தேன் என்றார் என்று எதிரணியில் ஒரு வாதம் வந்தது. இதைப் பிரசங்கங்களிலும் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். சரி, வேதத்தைத் திறந்து பார்ப்போம். அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பவுல் அந்த ஊரைச் சுற்றிப் பார்க்கிறார், அறியப்படாத தேவனுக்கு என்று எழுதிய பலிபீடத்தைக் கவனிக்கிறார், பேச்சை அங்கேயே தொடங்கி, நாம் அவருடைய சந்ததியார் என்ற அரேட்டஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரியை எடுத்துச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. கிரேக்கர் காதில் சுத்தமாக ஏறாத ஒன்றை, செத்தவர் உயிர்த்தெழுவதை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காமல் அந்தச் சபையில் வைக்கிறார், சிலர் பரிகாசம் பண்ணினார்கள், தியொனீசியுவும் தாமரி என்ற பெண்ணும் வேறு சிலரும் விசுவாசித்தார்கள். இதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது? சிலுவையைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்றாரே அந்தக் கொரிந்தியர் நிருபம், அதிலேயே 15ஆம் அதிகாரத்தில், ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும் என்று ஒரு வரி வருகிறது. அது மெனாந்தர் என்ற கிரேக்க நாடகாசிரியரின் வரி. உயிர்த்தெழுதலைப் பற்றிய அதிகாரத்தின் நடுவிலேயே நாடக வசனம்! ஏதென்சோடு பேச்சை முடித்துக்கொண்ட மனிதர் செய்கிற வேலையா இது?

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலை எடுத்தபோதும் இதே பயம்தான் கிளம்பியது. அரபு அறிஞர்கள் விளக்கம் எழுதிய ஒரு பழைய கிரேக்கனை வைத்துக்கொண்டு விசுவாசத்தை விளக்குவதா என்றார்கள். 1277இல் பாரிஸ் ஆயர் கண்டித்த 219 கருத்துகளில் தாமஸின் கருத்தைத் தொடுகிறவையும் இருந்தன. 1323இல் அவருக்குப் புனிதர் பட்டம். ஐம்பது வருஷத்துக்குள் திருச்சபையே தன் பயத்தைத் தாண்டி வந்துவிட்டது.

நம்ம பக்கம் வருவோம். மதுரையில் 1595 வாக்கிலிருந்தே கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு இருந்தார். நல்லவர், ஆஸ்பத்திரி வைத்தார், பள்ளிக்கூடம் வைத்தார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் மதுரைக்காரர் யாரும் அவரிடம் வந்து சேரவில்லை, காரணம் கிறித்தவனாவது என்றால் பரங்கிக் குலத்தில், அதாவது வெள்ளைக்காரர் கூட்டத்தில், சேர்வது என்றுதான் ஊர் புரிந்துகொண்டது. 1606இல் இன்னொரு இயேசு சபைக் குரு, ராபர்ட் தெ நொபிலி வந்தார். காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்ற பெயரோடு பண்டிதர்களிடம் உட்கார்ந்து வாதாடினார். எதிரணி இன்று சொல்வதை அன்று ஃபெர்னாண்டஸ் புகாராகவே எழுதி அனுப்பினார், வழக்கு ரோம் வரைக்கும் போய் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் வழியை அனுமதித்தார். அந்த மனிதர்தான் அப்புறம் சேலத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடந்து வந்தார். அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாட்டில், இயேசுவை வளர்த்த சூசையப்பரை வளன் என்ற தமிழ்ப் பெயரில் பாடினார், யூதேயாவின் வயலில் நம் மருத நிலத்து நீர் ஓடுகிறது. இதனால் விசுவாசம் கரைந்துபோனதா? தமிழ்க் கிறித்தவர்கள் இன்றைக்கும் அதைத் தங்கள் காப்பியம் என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள்.

இப்போது எதிரணியின் பலமான அடி. கலந்ததால்தானே சாதி உள்ளே வந்தது என்று அந்த அம்மா கேட்டார்களே, அந்தக் கேள்வி எனக்கு வலிக்கிறது, அது வலிக்கத்தான் வேண்டும். நொபிலியின் வழியில் சாதிக்கேற்றபடி குருக்கள் பிரிக்கப்பட்டது உண்மை. இந்தக் கருமத்தம்பட்டியில் வாழ்ந்த, கோயமுத்தூரின் முதல் ஆயர் மரியோன் தெ பிரெசியாக், இங்கே அனுமதிக்கப்பட்ட வழக்கங்கள் மனசாட்சியை உறுத்தியதால்தான் பொறுப்பையே விட்டுப் போனார், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் விலகி நிற்கிற கட்சியா? இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாகவும் ஆயர்களாகவும் வர வேண்டும் என்று சக ஐரோப்பியர்கள் முகம் சுளிக்கச் சுளிக்க வாதாடியவர் அவர். பண்பாட்டைப் பற்றிக் கேள்வி கேட்பதும் பேச்சில் ஒரு பாதிதானுங்க. அப்புறம் இதையும் யோசியுங்கள்: பேன்ட் போட்டு, ஆர்கன் வாசித்து, இங்கிலீஷ் மெட்டில் பாடிய சபைகளில் தனி பெஞ்சும் தனிக் கல்லறையும் இல்லாமலா இருந்தன? மேனாட்டு உடுப்பு சாதியைத் துரத்தவில்லை. பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் என்று இதே தமிழ் ஏற்கெனவே சொல்லியிருந்தது, வீரமாமுனிவர் அந்தக் குறளை லத்தீனில் பெயர்த்தும் கொடுத்தார். அதைக் கோயிலுக்குள் போதுமான அளவு கொண்டுவராததுதான் நாம் செய்த குறை. சில வீட்டு வழக்கத்தை வாங்கிக்கொண்டோம், இந்த மண்ணின் மனசாட்சியை வாசலில் நிறுத்திவிட்டோம்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் கலப்பதா என்று கேட்பீர்கள். தெரிந்து கலந்தவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தாருங்க. 1950இல் தென்னிந்தியத் திருச்சபையின் கோயமுத்தூர்த் திருமண்டலத்துக்கு முதல் பேராயராக வந்த ஏ. ஜே. அப்பாசாமி. என்னில் நிலைத்திருங்கள் என்று யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்வதை அவர் பக்தி மார்க்கத்தின் வெளிச்சத்தில் படித்தார், ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். நானும் கடவுளும் ஒன்றே என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. சங்கரரைவிட ராமானுஜரே தனக்கு நெருக்கம் என்று கண்டார், ஏனென்றால் அன்பு செய்ய இரண்டு பேர் வேண்டும். வேதம், யுக்தி, அனுபவம் என்ற நம் நாட்டுப் பிரமாணங்களை, அதாவது உண்மையை அறிய நம் தத்துவம் வைத்த அளவுகோல்களை, ஏற்றுக்கொண்டு, கூடவே சபையையும் ஒரு பிரமாணமாகச் சேர்த்தார். இது எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற வேலையா, சொல்லுங்கள். எனக்கு அவரைப் படிக்கும்போதெல்லாம் நம் மண்ணில் இப்படி ஒருவர் இருந்தார் என்று பெருமையாக இருக்கிறது, நம் வாலிபர் கூட்டங்களில் அவர் பெயரே வருவதில்லை என்பது வருத்தமாகவும் இருக்கிறது.

சிலுவை வைத்த தாலியையும், கோயில் வளாகத்தில் வைக்கிற பொங்கலையும் எதிரணி குறை சொன்னது, அதற்கு நேரத்தைச் செலவழிக்க மாட்டேன். கடைசியாக ஒன்று மட்டும். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர், விசுவாசிக்க வந்தால் முதலில் விருத்தசேதனம் பண்ணிக்கொண்டு யூதராக மாற வேண்டுமா? மாறத்தான் வேண்டும் என்றவர்களும் பக்திமான்கள்தான், தங்கள் விசுவாசத்தைக் காக்கத்தான் அப்படிச் சொன்னார்கள். பேதுருவும் பவுலும் பர்னபாவும் எழுந்து வேண்டாம் என்று பேசினார்கள், யாக்கோபு தீர்ப்புச் சொன்னார், கிரேக்கன் கிரேக்கனாகவே உள்ளே வரலாம் என்று ஆனது. எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி அண்ணனிடம் கேட்கிறேன்: அன்றைக்கு அந்த மூன்று பேர் தோற்றிருந்தால், இந்தக் கொங்கு நாட்டில் இந்தத் தலைப்பில் தமிழில் பட்டிமன்றம் நடத்த நீங்களும் நானும் இந்த மேடைக்கு வந்திருப்போமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சைத் தொடங்குங்கள் அண்ணா. நன்றி, வணக்கமுங்க.