வளர்ச்சி ஹார்மோனும் வயதும்: ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஆய்வுகள்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் மருந்தகம் நடத்துகிறவன் நான். கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் ஒரு கேள்விக்கு இன்று வானொலியில் உரக்கவே பதில் சொல்லிவிடலாம் என்று வந்திருக்கிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் வயது குறையுமா?

இந்த ஆசைக்கு வித்திட்டது 1990 ஜூலையில் வந்த ஓர் ஆய்வு. டேனியல் ரட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 61 முதல் 81 வயது வரையிலான ஆண்கள் 21 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 12 பேருக்கு ஆறு மாதம், வாரம் மூன்று முறை ஊசி. முடிவில் அவர்களுடைய உடல் கொழுப்பு 14 விழுக்காடு குறைந்திருந்தது. கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய 9 விழுக்காடு கூடியிருந்தது. தோலும் சற்றுத் தடித்திருந்தது. பத்து இருபது ஆண்டுகளின் மூப்புக்கு ஈடான மாற்றம் என்ற பொருளில் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. போதாதா? அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வணிகமே எழுந்தது.

விளம்பரக்காரர்கள் சொல்லாமல் விட்டது என்ன? மற்ற ஒன்பது பேருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத வெற்று ஊசிகூடப் போடவில்லை. அந்த முதியவர்களுக்கு வலிமை கூடியதா என்று அளக்கவும் இல்லை. ‘கொழுப்பல்லாத எடை’ என்பதில் தசை மட்டுமல்ல, தண்ணீரும் அடக்கம். இந்த ஹார்மோனோ உடலில் நீரைத் தேக்கிவைக்கும். 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் 52 முதியவர்களிடம் முறையாகச் சோதித்தபோது கொழுப்பு குறைந்தது உண்மைதான், ஆனால் கைப்பிடியின் வலிமையும் உடலின் தாங்குதிறனும் அப்படியே இருந்தன. போதாக்குறைக்கு மூட்டுவலி, கால்வீக்கம், மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போவது எல்லாம் வந்து சேர்கின்றன. இரத்தச் சர்க்கரையும் ஏறக்கூடும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் வீட்டில் ஏற்கெனவே எரிகிற அடுப்பில் காசு கொடுத்து எண்ணெய் ஊற்ற வேண்டுமா?

ஊசியே வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. மூளையின் அடியில் இருந்து இந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி பழுதுபட்டவர்களுக்கும், வளர்ச்சி குன்றிய சில குழந்தைகளுக்கும் அது உரிய மருந்து. நிபுணர் சோதித்து எழுதிக் கொடுப்பார். வயது ஏறுவது அந்த நோய்களில் சேராது.

இனி இரண்டாவது ஆய்வு. ரட்மன் கட்டுரைக்குச் சில வாரங்களுக்கு முன், அதே 1990-இல், பாஸ்டனில் மரியா ஃபியட்டரோனி என்ற மருத்துவர் முதியோர் இல்லத்தில் இருந்தவர்களிடம் வேறொன்றைச் செய்து பார்த்த முடிவை வெளியிட்டார். அவர்களுடைய சராசரி வயது 90. தளர்ந்துபோன பத்துப் பேரை எட்டு வாரம் கால்களால் பளு தூக்க வைத்தார். ஒருவர் இடையில் நின்றுவிட, மற்ற ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. ஒரு காலின் முன்னே மறுகாலை ஒட்டி வைத்து நடக்கும் வேகமும் ஏறக்குறைய பாதியளவு கூடியது. தொண்ணூறு வயதில்! இதைக் குப்பியில் அடைத்து விற்க முடியாது, அதனால் இதற்கு விளம்பரப் பலகை கிடையாது. உடற்பயிற்சியோடு ஹார்மோன் ஊசியையும் சேர்த்துப் பார்த்தார்கள், 1994-இல். பயிற்சி தந்த வலிமைக்கு மேல் ஊசி எதையும் சேர்க்கவில்லை.

‘இயற்கை மாற்று’ என்ற பெயரில் வருவதையும் பார்ப்போம். பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓர் அண்ணன் பளபளப்பான பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, “தம்பி, இது ஊசி இல்லை, மாத்திரைதானே? பயமில்லையே?” என்று கேட்டார். பெட்டியின் முகப்பில் ஹார்மோனின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்புறம் திருப்பினால் பொடி எழுத்தில் ஆர்ஜினின், ஆர்னிதின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள்; ஹார்மோன் துளியும் இல்லை. இருந்தாலும் பயனில்லை, அது புரதம், வயிற்றுக்குள் போனால் செரிந்துவிடும். ஆர்ஜினினை இரத்தக் குழாயில் ஏற்றினால் ஹார்மோன் எழும். மருத்துவமனைகளில் சோதனைக்காக அப்படிச் செய்வதுண்டு. மாத்திரையாக விழுங்குவது வேறு கதை. மலேசியாவில் பதிவான மருந்துகளுக்கு உரிய, எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையையும் தேடினேன், இரண்டும் இல்லை. “அப்படியானால் வாங்கிய காசு?” என்றார். என்ன சொல்ல?

உடலே சுரக்கும் ஹார்மோனைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ளலாம், அதற்குச் செலவில்லை. உறங்கிய முதல் சில மணி நேரத்தில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது மிகுதியாகச் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சுரப்பு அடங்கிவிடும். நாமோ இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் இனிப்பான தே தாரிக்கும் முடித்துவிட்டுப் படுக்கப் போகிறோம். பந்து விளையாட்டு ஒளிபரப்பு உள்ள இரவுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனாலும் ‘ஹார்மோன் கூடினால் ஆயுள் கூடும்’ என்ற எண்ணமே சரியா? வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத குட்டை எலிகள் மற்ற எலிகளைவிட நெடுநாள் வாழ்கின்றன. எக்குவடோரில் இந்த ஹார்மோனை ஏற்க முடியாத பிறவிக் குறையுள்ள மக்களிடம் புற்றுநோயும் நீரிழிவும் மிக அரிது. மாறாக, கட்டியால் இந்த ஹார்மோன் மிதமிஞ்சிச் சுரக்கும் நோயாளிகள், சிகிச்சை இல்லாவிட்டால் முன்கூட்டியே இறக்கிறார்கள். எனவே பயிற்சி செய்யுங்கள் என்று நான் சொல்வது ஹார்மோனுக்காக அல்ல, கால்களுக்காக.

தண்ணீர்மலைப் பூங்காவில் காலையில் நடப்பவர்கள் தொடர்ந்து நடங்கள், குரங்குகளிடம் மட்டும் பையைக் காட்டாதீர்கள். நடையோடு பளுவும் வேண்டும். இதய நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, வழுக்காத ஒரு நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுந்திருங்கள். வாரத்தில் மூன்று நாள். அது எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். நன்றி, வணக்கம்.