ஊருக்கு ஒரு மயானம் போதும்

மதிப்பிற்குரிய ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களே, ஜமாபந்தி வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, எனக்கு முன்னால் சுருக்கமாகப் பேசி எனக்கு நேரம் மிச்சம் வைத்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த மண்டபத்தின் உரிமையாளருக்குத் தனியாக ஒரு வணக்கம். சுடுகாட்டைப் பற்றிப் பேசக் கல்யாண மண்டபத்தைக் கொடுக்க எல்லோருக்கும் மனசு வராது. வாடகையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

'நவீன மயானம்: திட்டமும் வடிவமைப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இடம், பாதை, தகன மேடை, காத்திருப்போர் கூடம், பணியாளர் என்று ஐந்து விஷயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பார்கள். எப்போது வரும் என்று தெரியாத ஒன்றுக்குத்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். நாமோ சாவு விழுந்த பிறகுதான் முள்ளை வெட்டி வழி பண்ணுகிறோம்.

முதலில் இடம். 1999ஆம் ஆண்டு ஊராட்சி விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அதோடு, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் பாருங்கள். குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிற இடத்தில் புதைப்பது இறந்தவருக்கும் மரியாதை இல்லை, உயிரோடு இருப்பவர் குடிக்கிற கிணற்றுக்கும் நல்லதில்லை. சரி, இடத்துக்கு இது போதும்.

தகன மேடைக்கு வருகிறேன். கட்டை அடுக்கி எரித்தால் ஓர் உடலுக்கு 400, 500 கிலோ விறகு போகும். மறுநாள் காலையில்தான் சாம்பல் அள்ள முடியும். எரிவாயு தகன மேடையில் மரத்துண்டுகளைக் குறைந்த காற்றில் சூடாக்கி, அதில் வருகிற வாயுவை உலைக்குள் எரிக்கிறார்கள். புகையைத் தண்ணீரில் கழுவி, உயரமான புகைபோக்கி வழியே வெளியே விடுகிறார்கள். விறகு வெகுவாக மிச்சம். காத்திருந்து கையோடு அஸ்தி வாங்கிக்கொண்டு போகலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைக் கட்டவும் காசு, ஓட்டவும் காசு. அதனால்தான் கேட்கிறேன்: தெருவுக்கு ஒரு சுடுகாடு வைத்திருக்கிற நாம், சாதிக்கு ஒரு புகைபோக்கி கட்டப் போகிறோமா?

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கீழத்தெருவில் ஒரு பாட்டி இருந்தார். மருத்துவமனை எட்டாத காலத்தில் மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்காமல் பாதி ஊருக்குப் பிரசவம் பார்த்தவர். என்னையும் அவர்தான் கையில் வாங்கினார் என்று என் அம்மா சொல்வார். நல்ல ஐப்பசி அடைமழையில் அவர் போய்ச் சேர்ந்தார். மேட்டுக்கரையில் தார் ரோட்டோடு, தகரக் கொட்டகையோடு ஒரு மயானம் இருந்தது. அது மேலத்தெருக்காரர்களுக்கு. பாட்டியின் தெருவுக்கு வாய்க்காலைத் தாண்டித்தான் சுடுகாடு. பாலம் கிடையாது.

தொடையளவு தண்ணீரில் பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். மூத்த மகன் கையில் கொள்ளிச்சட்டி. சட்டிக்குத்தான் குடை பிடித்தார்கள், அவன் தலைக்கு இல்லை. அக்கரை ஏறினால் வழியே இல்லை, நட்டுப் பதினைந்து நாளான சம்பா வயல். சேறு. பாடையோடு நின்றுவிட்டார்கள். வயல் மேலத்தெருப் பெரியவருடையது. ஆள் போய்ச் சொன்னது. அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து வரப்பில் நின்றார். என்ன சொல்வாரோ என்று எல்லோருக்கும் பயம். "அவ கையில விழுந்த பயதான்டா நானும். பயிரு போனாப் போவுது, இறங்கிப் போங்க" என்றார். மிதித்துக்கொண்டு போனார்கள். ஈர விறகு பற்றவில்லை. அந்தப் பெரியவர்தான் தன் மாட்டுக்கொட்டகைத் தகரத்தைப் பிரித்துக் கொண்டுவரச் சொல்லி, நாலு பேரை நான்கு மூலையிலும் பிடிக்க வைத்தார்.

பெரியவரை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் ஊரையே கையில் வாங்கியவளுக்கு, அந்த ஊரில் அன்றைக்குப் பத்தடிப் பாதை இல்லை! மேட்டுக்கரைக் கொட்டகையில் இடம் இருந்தது, காய்ந்த விறகு இருந்தது. அங்கே கொண்டுபோகலாம் என்று அந்தப் பெரியவருக்கும் தோன்றவில்லை, எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில், வழி மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. ஆறிலும் சாவு நூறிலும் சாவு. அதில் சாதி பார்த்து வருகிற சாவு ஒன்று உண்டா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தின்படி, மயானத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் ஒரு பட்டியல் சாதியினரைத் தடுப்பது குற்றம். அவரைக் குழி வெட்ட வைப்பதும், பிணம் தூக்க வைப்பதும் குற்றம். பணியாளரைப் பற்றி இந்த ஒன்றையாவது குறித்துக்கொள்ளுங்கள்: அது பரம்பரைக் கடமை இல்லை, சம்பளமும் கையுறையும் விடுப்பும் உள்ள வேலையாக இருக்க வேண்டும். சென்னை வேலங்காட்டு மயானத்தைப் பெண்களே நிர்வாகம் செய்து காட்டினார்களே!

சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. சமத்துவபுரத்தில் 100 வீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டி, எல்லாச் சாதியாரையும் குடிவைத்துப் பார்த்த நாடு இது. வாழ்கிறபோது முடிந்தது போகிறபோது முடியாதா?

காத்திருப்போர் கூடத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்களுக்குக் கழிப்பறையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர் நிலங்களின் விவரமெல்லாம் எழுதியிருக்கும் 'அ' பதிவேட்டில் மயானம் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, அதற்குப் பாதை பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இந்த வாரமே கேளுங்கள். பாதை இல்லையென்றால் அளந்து தரச் சொல்லி மனுக் கொடுங்கள். அப்புறம், ஊருக்கு ஒரே மயானம் என்ற தீர்மானத்தைச் சபையில் வையுங்கள். தீர்மானத்தின் மாதிரியை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். ஊராட்சித் தலைவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். வட்டாட்சியர் அம்மா, அந்த மனுக்கள் உங்கள் மேசைக்கு வரும்போது நில அளவரை (சர்வேயரை) உடனே அனுப்பி வைக்க வேண்டும். ஆறிலும் சாவு நூறிலும் சாவு அம்மா, இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் அளந்து கல் நட்டுக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.