கடை வாடகைத் தகராறு: வழக்குக்கு முன்னால் ஒரு பேச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். வருடக்கணக்காக ஒரே கட்டடம். மேம்பாலம் வந்த பிறகு கடை முன்னால் வண்டி நிற்பதில்லை, வாடகையைக் குறையுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டடக்காரரோ கூட்டிக் கேட்கிறார். வாடகை நிற்கிறது. வக்கீல் நோட்டீஸ் போகிறது, பதில் நோட்டீஸ் வருகிறது. இரண்டையும் படித்தால், தினமும் முகம் பார்த்துப் பேசியவர்கள் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து கோர்ட்தான் என்று இருவரும் நினைப்பார்கள். ஆனால் வியாபாரத்துக்கே பயன்படும் கட்டடத்தைப் பற்றிய ஒப்பந்தத் தகராறு, மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ, வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கு என்றால், நேரே போக வழியில்லை. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018-ல் சேர்ந்த 12ஏ பிரிவு, முதலில் சமரசத்துக்குப் போ, அதாவது நடுநிலையான ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பார் என்கிறது. தடையுத்தரவு போல அவசர நிவாரணம் கேட்பவருக்கு மட்டும் விலக்கு. பலர் இதை ஒரு சடங்காகத்தான் பார்த்தார்கள். 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இது கட்டாயம், மீறித் தாக்கலான வழக்கு நிராகரிக்கப்படும் என்று தீர்ப்பளித்தது.

விண்ணப்பம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும். கட்டணம் ஆயிரம் ரூபாய். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும். அவர் வராவிட்டால் அதையே அறிக்கையாக எழுதித் தருவார்கள், அதோடு நீங்கள் வழக்குப் போடலாம். வந்தால் மூன்று மாதத்துக்குள் பேசி முடிக்க வேண்டும், இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். இந்தக் காலம் வழக்குக்கான காலவரம்பில் சேராது. 3 முதல் 10 லட்சம் வரையான தகராறுக்குச் சமரசக் கட்டணம் 15,000 ரூபாய், ஆளுக்குப் பாதி.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோட்டீஸில் இல்லாத சங்கதியெல்லாம் அங்கேதான் வெளியே வரும். கட்டடக்காரருக்கு வாடகை உயர்வே பிரச்சினை இல்லை. வளைகுடாவிலிருந்து மகன் திரும்பி வருகிறான், அதே இடத்தில் கடை போட ஆசைப்படுகிறான். கடைக்காரருக்கோ இப்போதே காலி செய்தால் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சரக்கு தேங்கிவிடும். டிசம்பர் முடியட்டும், ஜனவரியில் சாவி தருகிறேன், பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவரே சொல்வார். கோர்ட்டில் இதைக் கேட்க வாய்ப்பு அரிது. பேசியது வெளியே போகாது என்ற உறுதி இருப்பதால்தான் மனசு திறக்கிறது. கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு, அதாவது கோர்ட் தீர்ப்பைப் போலவே அதை அமல்படுத்தலாம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலானவை சின்னக் கடைகள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் காலி செய்யும் வழக்குகளுக்கு இந்த 12ஏ பொருந்தாது. கோட்டாறு சந்தைப் பக்கம் பத்தடிக் கடை வைத்திருப்பவருக்குத்தானே பேச்சுவார்த்தை அதிகம் தேவை? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1994-லேயே சில்லறைக் கடைக் குத்தகைக்கென்று தனிச்சட்டம் போட்டு, சமரசம் தோற்றது என்ற சான்று இல்லாமல் வழக்கு நடத்த முடியாது என்று வைத்தார்கள். இங்கேயும் அப்படி ஒரு விதி வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

அதுவரை சின்னக் கடைக்காரர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். எதிர்த்தரப்பைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் முடிவானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது.

போகும்போது வாடகை கொடுத்த ரசீது, பேங்க் பாஸ்புக், கரண்ட் பில், அட்வான்ஸ் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். உடன்பாடு எழுதும்போது, சாவி கைமாறும் தேதியையும் அட்வான்ஸ் திரும்பும் தேதியையும் ஒரே நாளாகப் போடச் சொல்லுங்கள். அடுத்த தகராறு பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முளைக்கிறது.